உதகை உலா

ஊர் காண்பது தமிழர்க்குப் பழகிய இன்பம். சிலப்பதிகாரத்தில் ‘ஊர்காண் காதை’ என்றே ஒரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் மதுரையின் புறஞ்சேரியில் இருக்கச் செய்து, கோவலன் தனியே மாநகருள் புகுகின்றான். மணிகள் விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, ஆடை விற்கும் அறுவை வீதி, தானியங்கள் குவிந்து கிடக்கும் கூல வீதி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கண்டு மகிழ்ந்து மீள்கின்றான். மேலை நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. ரோம், பிளாரன்சு, பாரிசு முதலிய பழம்பெரு நகரங்களின் தெருக்களில் கால்நடையாகச் சுற்றித் திரிவதற்கென்றே ஆண்டுதோறும் பன்னாட்டு மக்களும் அங்குச் செல்கின்றனர்.

அத்தகைய ஐரோப்பிய நகரங்களின் சாயலைத் தாங்கிய ஊர் ஒன்று தமிழ்நாட்டின் மலைமுடியில் அமைந்துள்ளது. கூரிய கோபுரமுடைய தேவாலயம், கல்லால் ஆகிய மாளிகை, செந்நிறச் சுவர் கொண்ட நூலகம், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புல்வெளி, படகுகள் மிதக்கும் ஏரி ஆகிய யாவும் அங்கு உண்டு. அதுவே நீலகிரி மாவட்டத்தின் தலைநகராகிய உதகமண்டலம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மக்கள் அதனைச் சுருக்கி உதகை என்றும் ஊட்டி என்றும் வழங்குவர்.

ரோம் முதலிய நகரங்கள் அந்நாட்டு மக்களாலேயே பல நூற்றாண்டுகளாகச் சிறிது சிறிதாக எழுப்பப்பட்டவை. உதகையோ கடல் கடந்து வந்தவர்கள் தம் ஊரை நினைந்து, பிறர் வாழ்ந்த மலையின்மேல் இருநூறு ஆண்டுகளுக்கு முன் அமைத்தது. ஆதலின் இவ்வூரைக் காணச் செல்வோர் அழகைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடலாகாது. காணும் பொருள் ஒவ்வொன்றின் முன்னும் நின்று மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இதனை ஆக்கியவர் யார்? இஃது எதனால் ஆக்கப்பட்டது? இதற்கு முன் இங்கு இருந்தது எது? இம்மூன்றிற்கும் விடை கண்டவரே ஊரை உண்மையாகக் கண்டவர் ஆவர்.

மலையேறும் பயணத்திலேயே முதற்கேள்வி தொடங்கிவிடுகின்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் நீளமுள்ள மலை இருப்புப்பாதை உள்ளது. 1899ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908ஆம் ஆண்டில் உதகை வரையிலும் இது திறக்கப்பட்டது. 208 வளைவுகளும், 250 பாலங்களும், 16 குகைகளும் இவ்வழியில் உள்ளன. கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடியது. அங்கு இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் உடைய இரும்புச் சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அச்சட்டத்தின் பற்களைக் கவ்விக் கவ்வி மேலே ஏறுகின்றது. வண்டி பின்னோக்கிச் சறுக்காமல் அதுவே காக்கின்றது. இம்முறை சுவிட்சர்லாந்து நாட்டவர் ஒருவர் கண்டது. பழைய நீராவி எஞ்சின்களும் அந்நாட்டிலேயே செய்யப்பட்டவை. 2005ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் இப்பாதையை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. பொறியின் நுட்பம் அயல்நாட்டினது. ஆனால் பாறையைக் குடைந்தவையும், பாலத்திற்குக் கல் சுமந்தவையும் இந்நாட்டுக் கைகளே. குகையின் இருளில் வண்டி புகும்போது அக்கைகளையும் நினைத்தல் தகும்.

குன்னூரை அடையும்போது இருபுறமும் தேயிலைத் தோட்டங்கள் படிப்படியாகத் தோன்றும். தேயிலை இம்மலைக்கு உரிய பயிர் அன்று. 1830ஆம் ஆண்டுகளில் கேத்திப் பகுதியில் சோதனையாக நடப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெருந்தோட்டங்களாகப் பரவியது. முதுகில் கூடை தாங்கிய பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து பறிக்கும் காட்சியைப் பயணிகள் படம் பிடிப்பர். அப்பெண்களுட் சிலருடைய குடும்பங்களின் கதை மிக நெடியது. தமிழகத்துச் சமவெளியிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்றோரின் வழித்தோன்றல்கள் பலர், இந்தியாவும் இலங்கையும் 1964ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தாம் அறியாத தாயகத்திற்குத் திரும்பி வந்தனர். அவர்களுக்கு வாழ்வளிக்கும் பொருட்டு 1968ஆம் ஆண்டில் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. ஒரு கோப்பைத் தேநீருக்குள் இத்துணை வரலாறு அடங்கியுள்ளது.

உதகை நிலையத்தில் இறங்குவோர் சிறிது தொலைவிலேயே ஏரியைக் காண்பர். இயற்கை தந்த ஏரியைப் போல் அது தோன்றினும், மலையோடைகளுக்குக் குறுக்கே அணை கட்டி உண்டாக்கப்பட்டதே ஆகும். அதனை அமைத்தவர் அந்நாளில் கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன். 1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் இம்மலை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆயினும் இருபது ஆண்டுகள் வரை அவர்கள் இதனைப் பெரிதும் கருதவில்லை. 1819ஆம் ஆண்டில் சல்லிவன் மலையேறி வந்து, கோத்தகிரிக்கு அருகில் தங்கி, இதன் குளிர்ச்சியையும் வளத்தையும் கண்டார். பின்னர் 1823ஆம் ஆண்டளவில் உதகையில் ஏரி வெட்டும் வேலையைத் தொடங்கினார். உருளைக்கிழங்கு முதலிய மேனாட்டுப் பயிர்களையும் இங்குப் பயிரிடச் செய்தார். அவர் அமைத்த ஏரி இன்றுள்ளதினும் பெரிது. பிற்காலத்தில் அதன் ஒரு பகுதி தூர்க்கப்பட்டு, அந்நிலத்தில் பேருந்து நிலையமும் பந்தயத் திடலும் எழுந்தன.

ஏரிக்கரையிலிருந்து நகருள் சென்று மேட்டின்மேல் ஏறினால் புனித இசுதேவான் தேவாலயம் விளங்கும். சென்னை ஆளுநராக இருந்த லசிங்டன் என்பார் 1829ஆம் ஆண்டில் இதற்கு அடிக்கல் நாட்டினார். 1831ஆம் ஆண்டில் மக்கள் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. உள்ளே சென்று அண்ணாந்து நோக்குவோர், கூரையைத் தாங்கும் பெரிய உத்திரங்களைக் கண்டு வியப்பர். இரண்டாம் கேள்வி எழவேண்டிய இடம் இதுவே. அம்மரங்கள் இம்மலையில் வெட்டப்பட்டவை அல்ல. சீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையினின்றும் பெயர்த்தெடுக்கப்பட்டவை. இருப்புப்பாதையும் உந்து வண்டியும் இல்லாத அந்நாளில், மைசூர்ச் சமவெளியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து, செங்குத்தான மலைவழியில் அவை இழுத்து வரப்பட்டன. ஒரு காலத்தில் அரசன் ஒருவனுடைய மாளிகையைத் தாங்கிய மரங்கள், அவனை வென்றவர்களின் வழிபாட்டிடத்தைத் தாங்கி நிற்கின்றன. போர்களின் முடிவைப் புத்தகங்கள் மட்டும் கூறுவதில்லை; கூரைகளும் கூறுகின்றன.

தேவாலயத்தை அடுத்துள்ள கல்லறைத் தோட்டமும் காணத்தக்கது. சல்லிவனுடைய மனைவியும் மகளும் அங்கே துயில்கின்றனர். இம்மலையின் நல்ல காற்று எந்நோயையும் நீக்கும் என்று நம்பி வந்தோர் பலர். அவர்களுள்ளும் எத்தனையோ பேர் தம் நாட்டை மீண்டும் காணாமல் இங்கேயே மண்ணாயினர். ஆட்சி செய்ய வந்தவர்களும் துயரத்திற்கு விலக்கானவர்கள் அல்லர் என்பதை அக்கல்லறைகள் உணர்த்துகின்றன.

தேவாலயத்திற்கு அண்மையில் நீலகிரி நூலகம் உள்ளது. சென்னையில் மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகப் பேரவை மண்டபத்திற்கும் வடிவமைத்துத் தந்த சிசம் என்பவரே இதன் கட்டடத்தையும் வடிவமைத்தார். உயர்ந்த சாளரங்களின் வழியே ஒளி பாயும் அதன் படிப்பறை, இங்கிலாந்து நாட்டுக் கல்லூரி ஒன்றன் கூடத்தை நினைவூட்டும். இவ்வூருக்கும் இந்தியக் கல்வி வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1834ஆம் ஆண்டில் தலைமை ஆளுநர் பெண்டிங்குப் பிரபு உதகையில் தங்கியிருந்தார். அவருடைய ஆலோசனைச் சபையில் பங்குபெற வந்த மெக்காலே, சென்னையில் கரையிறங்கிப் பல்லக்கில் இம்மலைக்கு வந்து சேர்ந்தார். ஆங்கிலக் கல்வியை இந்நாட்டில் பரப்புதல் வேண்டும் என அவர் எழுதிய புகழ்பெற்ற குறிப்பு அடுத்த ஆண்டில் வெளிவந்தது. பல்லக்கில் வந்தவரின் பெயரைப் பள்ளிச் சிறுவரும் அறிவர்; பல்லக்கைச் சுமந்து மலையேறியவரின் பெயரை அறிவார் யார்?

சல்லிவன் தமக்கென 1822ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கல்வீடும் இந்நகரிலேயே உள்ளது. உதகையில் ஐரோப்பியர் எழுப்பிய முதல் வீடு அதுவே. படகர் அதனைக் ‘கல் பங்களா’ என அழைத்தனர். இன்று அவ்வீடு அரசு கலைக்கல்லூரியின் பகுதியாக விளங்குகின்றது. ஆட்சியரின் மாளிகையில் உழவர் மக்களும் தொழிலாளர் மக்களும் கல்வி பெறுகின்றனர் என்பது காலம் செய்த நல்ல மாற்றமாகும்.

அங்கிருந்து கடைவீதி வழியே சென்றால் நாற்சந்தி ஒன்று வரும். அதன் பெயர் சேரிங்கிராசு. இஃது இலண்டன் மாநகரில் உள்ள ஒரு சந்தியின் பெயர். பிறந்த ஊரைப் பிரிந்தவர் அவ்வூர்ப் பெயரையே புதிய இடத்திற்கு இட்டு ஆறுதல் அடைந்தனர் போலும். இச்சந்தியில் அழகிய நீரூற்று ஒன்று உண்டு. 1881ஆம் ஆண்டில் உதகையில் உயிர்நீத்த சென்னை ஆளுநர் ஆடம் என்பாரின் நினைவாக அது எழுப்பப்பட்டது.

சந்தியிலிருந்து கிழக்கே சென்றால் அரசு தாவரவியற் பூங்காவை அடையலாம். 22 எக்டேர் பரப்புள்ள இப்பூங்கா தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில் படிப்படியாக மேலேறுகின்றது. இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தில் பயின்ற மெக்கைவர் என்னும் தோட்டக்கலைஞர் 1848ஆம் ஆண்டில் பொறுப்பேற்றுச் சதுப்பும் காடுமாக இருந்த நிலத்தைத் திருத்தி இதனை அமைத்தார். உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த மரங்களும் செடிகளும் இங்கு ஒன்றாக வளர்கின்றன. இரண்டு கோடி ஆண்டுப் பழமை உடையதெனக் குறிக்கப்பட்ட கல்மரம் ஒன்றும் உண்டு. ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் மலர்க் காட்சியைக் காண மக்கள் வெள்ளம்போல் திரள்வர்.

மெக்கைவர் பூஞ்செடிகளோடு அமையவில்லை. மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைத் தரும் சிங்கோனா மரம் தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைகளில் வளர்வது. 1860ஆம் ஆண்டையொட்டி அதன் விதைகளும் கன்றுகளும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றை நீலகிரியில் வளர்த்துப் பெருக்கிய பெருமை அவரைச் சாரும். அதனால் காய்ச்சலினின்றும் உயிர் பிழைத்தோர் பலர். ஆத்திரேலியாவிலிருந்து வந்த யூக்கலிப்டசு மரமோ வேறு விளைவைத் தந்தது. விறகுக்கும் தைலத்துக்கும் அது பயன்பட்டது உண்மையே. ஆயினும் அது பரவப்பரவ, மழைநீரைத் தேக்கி வைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுக்கும் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் சுருங்கின. வெளியிலிருந்து வந்தவை எல்லாம் தீமை என்பதும் பிழை. எல்லாம் நன்மை என்பதும் பிழை. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்து அறிதலே முறை.

பூங்காவைக் காண வருவோருட் பலர் புல்வெளியில் அமர்ந்து இளைப்பாறிவிட்டுத் திரும்பிவிடுவர். ஆனால் மூன்றாம் கேள்விக்கு விடை பூங்காவின் மேற்புறத்திலேயே உள்ளது. அங்கே தோதவர்களின் குடியிருப்பு ஒன்று உண்டு. தோதவர் தம் குடியிருப்பை மந்து என்பர். உதகமண்டலம் என்னும் பெயரே ‘ஒற்றைக்கல் மந்து’ என்பதன் திரிபு என்று கூறுவர். நகரின் பெயரிலேயே அதன் பழைய உரிமையாளர் மறைந்து நிற்கின்றனர்.

தோதவரின் பழைமையான வீடு, பாதியாகப் பிளந்து கவிழ்த்த பீப்பாயைப் போன்ற வடிவுடையது. மூங்கில், பிரம்பு, புல் ஆகியவற்றால் அமைந்தது. அதன் வாயில் மிகச் சிறியது. தவழ்ந்தே உள்ளே செல்லுதல் வேண்டும். குளிரையும் காட்டு விலங்கையும் தடுக்க அதனினும் சிறந்த அமைப்பு இல்லை. எருமையே அவர்களின் செல்வம். அதன் பாலைக் கையாள்வது அவர்களுக்கு ஒரு வழிபாடு. வெண்ணிறத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் அவர்தம் பெண்கள் செய்யும் பூவேலைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் பேசும் மொழி தமிழோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே உள்ள இம்மக்களைப் பற்றி உலக அறிஞர் பலர் நூல்கள் எழுதியுள்ளனர். ஆங்கில அறிஞர் ரிவர்சு 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அவற்றுள் ஒன்று.

தோதவர் மட்டுமே இம்மலையின் மக்கள் அல்லர். கோத்தர் இரும்புக் கருவிகளும் மட்கலங்களும் செய்தனர், இசை முழக்கினர். படகர் உழுது பயிரிட்டனர். குறும்பர் தேனும் மூலிகையும் கொணர்ந்தனர். தோதவர் பாலும் நெய்யும் தந்தனர். பண்டமாற்றாலேயே இவர்கள் ஒருவரை ஒருவர் தாங்கி வாழ்ந்தனர். போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவன் புனிசன் தோதவரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டான் என 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கூறுகின்றது. எனவே சல்லிவன் வருவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மலையில் தோதவர் வாழ்ந்தமை தெளிவு. ஐரோப்பியர் இம்மலையைக் கண்டுபிடித்தனர் என்று கூறுவது, வீட்டில் குடியிருப்போரைக் கணக்கில் கொள்ளாமல் வீட்டைக் கண்டுபிடித்தேன் என்று விருந்தினன் கூறுவதை ஒக்கும்.

தோதவரின் நிலம் அவர்கள் கையினின்றும் எவ்வாறு நழுவியது? ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் விலை தந்து சல்லிவன் தோதவரிடம் நிலம் பெற்றார் என்பர். அந்நிலத்திற்கு அவர்களே முழு உரிமையாளர் என்று அரசிடம் வாதாடியவரும் அவரே. ஆளுநர் லசிங்டன் அக்கருத்தை ஏற்கவில்லை. மேய்ச்சற் புல்வெளிகள் வீடுகளும் தோட்டங்களும் பயிரிடப்பட்ட காடுகளும் ஆயின. உரிமையை உணர்ந்தவரே நிலத்தை மிகுதியாகப் பெற்றவராகவும் இருந்தார் என்பது வரலாற்றின் விந்தை. சல்லிவனை வள்ளல் என்று மட்டும் புகழ்வதும், கவர்ந்தவர் என்று மட்டும் இகழ்வதும் எளிது. மனிதரின் செயல்களில் இரண்டும் கலந்திருக்கக் காண்பதே நேர்மையான வரலாற்றறிவாகும்.

உலாவின் முடிவில் தொட்டபெட்டாச் சிகரத்தின்மேல் ஏறுதல் நன்று. அதன் உயரம் 2637 மீட்டர். தொட்டபெட்டா என்பதற்குப் பெரிய மலை என்பது பொருள். அங்கு நின்று நோக்கினால் ஏரியும் கோபுரமும் பூங்காவும் கைப்பொம்மைகள் போல் சிறுத்துத் தோன்றும். அவற்றைச் சூழ்ந்த நீலமலைத் தொடரே பெரிதாகத் தோன்றும். இச்சோலைகளில் பிறக்கும் ஓடைகள் மாயாற்றிலும் பவானியிலும் கலந்து காவிரியை அடைகின்றன. கீழே சமவெளியில் ஏர் பிடிக்கும் உழவனின் வயலுக்கு நீர் இங்கிருந்தே புறப்படுகின்றது. ஆதலின் இம்மலையின் நலம் இங்கு வாழ்வோருக்கு மட்டும் உரியதன்று.

1986ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டது. ஆயினும் கோடைக் காலத்தில் மலைவழிகளில் வண்டிகள் நெருங்கி நகரமுடியாமல் நிற்கும் நிலை ஏற்பட்டது. மலை தாங்கக்கூடிய அளவை அறியும் பொருட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு நுழைவு அனுமதிச் சீட்டு முறை ஏற்படுத்தப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள், இம்மலை யாருடையது என்று கேளாமல் குடியேறினர். இன்று வருவோர், இம்மலை எவ்வளவு தாங்கும் என்று கேளாமல் வருவாராயின், இருவருக்கும் வேற்றுமை இல்லை.

யார் ஆக்கினார், எதனால் ஆக்கினார், முன்பு இங்கு இருந்தது எது என்னும் கேள்விகள் உதகைக்கு மட்டும் உரியன அல்ல. மாணவர் ஒவ்வொருவரும் பிறந்த ஊரிலும் ஒரு குளம் உண்டு. ஒரு பழைய மண்டபம் உண்டு. காரணம் தெரியாத பெயர் கொண்ட தெரு ஒன்று உண்டு. அவற்றின் முன் சிறிது நேரம் நின்று அக்கேள்விகளைக் கேட்டு, ஊர்ப் பெரியோரிடம் விடை தேடுவாராயின், நெடுந்தொலைவு செல்லாமலேயே அவர்கள் ஊர் காணும் இன்பத்தைப் பெறுவர்.